எத்தனை ஒன்பது?

ஓரணுத் தடிப்புள்ள கார்பன் தாளைச் சுருட்டியது போன்ற நுண்குழாய்தான் கார்பன் நானோகுழாய். அதன் மை வரும் சிறிய பாட்டிலின் லேபிளில் எப்போதும் ஒரு சதவீதம் அச்சிட்டிருக்கும். குறைகடத்தி வகை 99%, அல்லது 99.9%, விலை கூடினால் 99.99%. பார்த்ததும் மனம் சமாதானமாகிவிடும். ஆயிரத்தில் ஒன்றுதானே அணைக்க முடியாத உலோகக் குழாய், போகட்டும் என்று தோன்றும். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தச் சமாதானம் கலைகிறது. ஒரு மைக்ரான் நீளமும் 1.4 நானோமீட்டர் விட்டமும் உள்ள ஒற்றைச்சுவர்க் குழாயின் எடை ஏறக்குறைய 3.3 அட்டோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடியால் வகுத்து, வந்ததை இன்னொரு முறை நூறு கோடியால் வகுத்தால் கிடைக்கும் அளவில் மூன்றே கால். மையின் ஒரு மில்லிலிட்டரில் 10 மைக்ரோகிராம் குழாய் இருந்தால் எண்ணிக்கை சுமார் 3 லட்சம் கோடி. 99.9% சுத்தம் என்றால் அந்த ஒரு மில்லிலிட்டரில் 300 கோடி உலோகக் குழாய்கள் மிதக்கின்றன. இதை யார் எண்ணினார்கள்? எதை வைத்து எண்ணினார்கள்? கடைசி ஒன்பதை அச்சிடும் துணிவு எங்கிருந்து வந்தது? நெடுநாளாக என்னை விடாத கேள்வி இதுதான். குழாய்களைப் பிரிக்கும் வேதியியல் பற்றி மலைமலையாக எழுதியிருக்கிறார்கள். பிரிந்ததா என்று பார்க்கும் வேலையோ, பெரும்பாலும் கட்டுரையின் கடைசிப் பத்தியில் முடிந்துவிடுகிறது.

வளரும் குழாய்களில் மூன்றில் ஒன்று ஏன் உலோகம் என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததே: சுருட்டும் திசையைச் சொல்லும் இரண்டு எண்களின் வித்தியாசம் 3-ஆல் மீதியின்றி வகுபட்டால் உலோகம், வகுபடாவிட்டால் குறைகடத்தி. (6,5) குறைகடத்தி, (10,10) உலோகம். ஒரு சிறு திருத்தம் மட்டும் சொல்லிவைக்கிறேன். இரண்டு எண்களும் சமமாக இருக்கும் குழாய்தான் முழு உலோகம். (9,6) போன்றவற்றில் வளைவு காரணமாகச் சில பத்து மில்லி எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கு ஒரு சின்ன ஆற்றல் இடைவெளி திறக்கிறது. அறை வெப்பநிலையில் கேட் (டிரான்சிஸ்டரை ஓடவைத்து அணைக்கும் முனை) மின்னழுத்தத்தால் அந்தக் குழாயை அணைக்க முடியாது. ஆகவே டிரான்சிஸ்டருக்கு அதுவும் உலோகமே. ஒளியியல் அளவீட்டிலும் அது உலோகங்களோடுதான் வந்து நிற்கும்.

ஒரு சில்லில் 100 கோடி டிரான்சிஸ்டர், ஒவ்வொன்றிலும் 10 குழாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1000 கோடி குழாய். 99.99% சுத்தத்தில் 10 லட்சம் டிரான்சிஸ்டர்களில் அணையாத குழாய் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆறு ஒன்பதுக்கு, அதாவது 99.9999%-க்குப் போனாலும் 10,000 மிஞ்சும். எட்டு ஒன்பதில்தான் எண்ணிக்கை 100-க்கு இறங்குகிறது. 'எட்டு ஒன்பது வேண்டும்' என்ற பேச்சு இந்தத் துறையில் அடிபடுவது வெறும் பெருமைக்காக அல்ல.

சட்டையைப் பார்த்துப் பிரிப்பது

பிரிப்பு முறைகளைப் பற்றி ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் எளிது. நிர்வாணமான நானோகுழாயை யாரும் பிரிப்பதில்லை. குழாய்கள் ஒன்றோடொன்று கயிறுபோல் ஒட்டிக் கட்டாகவே கிடக்கும். சோப்பு, டி.என்.ஏ. அல்லது பாலிமரைப் போர்த்தினால்தான் தனித்தனியாகும். அதற்குப் பிறகு நாம் பிரிப்பது குழாயை அல்ல, அது போட்டிருக்கும் சட்டையை. உலோகமும் குறைகடத்தியும் வேறு வேறு சட்டை போடும்படி செய்வதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது.

2006-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் அர்னால்டும் மார்க் ஹெர்சமும் குழுவினரும் செய்த அடர்த்திச் சரிவு முறை இதற்கு அழகான சாட்சி. அயோடிக்ஸனால் என்ற கனமான சேர்மத்தின் கரைசலை மேலிருந்து கீழாக அடர்த்தி கூடும்படி சோதனைக் குழாயில் நிரப்பி, நடுவில் நானோகுழாய்க் கரைசலை ஏற்றி, அதிவேக சென்ட்ரிஃபியூஜில் மணிக்கணக்கில் சுழற்றினால் ஒவ்வொரு வகையும் தன் மிதப்பு அடர்த்திக்கு ஏற்ற உயரத்தில் வண்ணப் பட்டையாக நிற்கும். சோடியம் டோடெசில் சல்பேட்டும் (இனி எஸ்.டி.எஸ்.) சோடியம் கோலேட்டும் ஆகிய இரண்டு சோப்புகள் 1:4 என்ற விகிதத்தில் இருந்தால் குறைகடத்தி மேலே வந்தது. 3:2 ஆக்கினால் உலோகம் மேலே வந்தது. அதே குழாய், அதே சுழற்சி, சோப்பின் விகிதம் மட்டும்தான் வேறு. குழாயின் சொந்த அடர்த்தியைப் பார்த்துப் பிரிந்திருந்தால் இப்படித் தலைகீழாகாது.

மின்பண்பையே நேராகப் பயன்படுத்திய முறை ஒன்றும் உண்டு. 2003-இல் ரால்ஃப் க்ருப்கேயும் கார்ல்ஸ்ரூஹே குழுவும் 10 மெகாஹெர்ட்ஸ் மின்புலத்தில் உலோகக் குழாய்கள் மட்டும் மின்முனைக்கு இழுபட்டு வருவதைக் காட்டினார்கள். கிடைத்த அளவு மிகச் சொற்பம். வேடிக்கை என்னவென்றால், அதிர்வெண்ணைக் குறைத்தால் குறைகடத்திகளும் இழுபட்டு வந்தன. காரணம் குழாயைச் சுற்றியிருந்த சோப்பின் மின்னூட்டம். அங்கேயும் சட்டைதான் குறுக்கே வந்தது.

ஜெல் முறை பார்ப்பதற்கு எளிது, அதனால்தான் கை வைத்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது ஏமாறுகிறார்கள். ஜப்பானின் ஏ.ஐ.எஸ்.டி. நிறுவனத்தில் தகேஷி தனாகாவும் ஹிரோமிச்சி கட்டௌராவும் முதலில் அகரோஸ் ஜெல்லில் செய்தார்கள், பிறகு செஃபாக்ரில் எஸ்-200 என்ற ஜெல் மணிகளுக்கு மாறினார்கள். 1 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் குழாயை 1–2% எஸ்.டி.எஸ். கரைசலில் முனை சோனிகேட்டரால் (மீயொலியால் அதிரவைக்கும் கருவி) பிரித்தெடுத்து, அதிவேகத்தில் சுழற்றி, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்து, அதே செறிவுள்ள எஸ்.டி.எஸ். ஓட்டி வைத்திருந்த ஜெல் தூணில் ஊற்ற வேண்டும். உலோகங்கள் மேல் எஸ்.டி.எஸ். நெருக்கமாக அடுக்கி நிற்பதால் அவை ஜெல்லில் ஒட்டாமல் வழிந்து போய்விடும். குறைகடத்திகள் ஒட்டிக்கொள்ளும். பின்னால் சோடியம் டிஆக்ஸிகோலேட் என்ற வேறொரு சோப்பை 1% செறிவில் ஊற்றினால் அவையும் கழன்று வரும். சொல்ல இவ்வளவுதான்.

கெடும் இடங்களைப் பார்ப்போம். எஸ்.டி.எஸ். செறிவு அதிகமானால் எதுவும் ஒட்டாது. குறைந்தால் உலோகமும் சேர்ந்து ஒட்டும். வெப்பநிலை நான்கைந்து டிகிரி நகர்ந்தாலே ஒட்டும் கூட்டம் மாறிவிடும். காலையில் ஓடிய தூணும் மதியம் ஓடிய தூணும் ஒரே பொருளைத் தருவதில்லை. தூணைச் சுற்றி நீர் உறை மாட்டாதவர்கள் இதைக் குழாய் தயாரித்தவர் தலையில் கட்டுவார்கள். சோனிகேட் செய்யும்போது சூட்டைத் தணிக்க ஐஸில் வைத்தால் எஸ்.டி.எஸ். படிகமாகி வெளியே வந்துவிடும், சட்டைக்கு வேண்டிய சோப்பு குறைந்துபோகும். ஐஸ் கட்டியைவிட 15–20 டிகிரி சுழல்நீர் நல்லது. பொட்டாசியம் உப்பு எந்த வழியில் உள்ளே வந்தாலும் எஸ்.டி.எஸ். வெள்ளையாகத் திரிந்துவிடும். அமிலத்தன்மையைச் சரிக்கட்டச் சோடியம் உப்புகளையே சேர்க்க வேண்டும், பொட்டாசியம் பஃபர் கூடாது. காற்றின் கார்பன் டை ஆக்ஸைடு கரைந்து கரைசல் லேசாகப் புளித்தாலே ஆக்ஸிஜன் குழாயிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கத் தொடங்கும். எலக்ட்ரானை இழந்த குறைகடத்தி, உலோகத்தைப் போலவே எஸ்.டி.எஸ்ஸை நெருக்கமாகப் போர்த்திக்கொண்டு ஜெல்லைவிட்டு நழுவும். அப்போது உலோகப் பாத்திரத்தில் குறைகடத்தி சேரும். டிஆக்ஸிகோலேட்டுக்கோ அமிலம் ஆகவே ஆகாது, கூழாக உறைந்து தூணை அடைத்துவிடும்.

மின்னணுவியலுக்கு இன்று பெரிதும் கைகொடுப்பது பாலிமர் முறை. 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் நிக்கலஸ் குழு, பாலிஃப்ளூரீன் என்ற பாலிமர் டோலுயீனில் சில குறைகடத்திக் குழாய்களை மட்டும் பொறுக்கி எடுப்பதைக் காட்டியது. தூணும் வேண்டாம், அடர்த்திச் சரிவும் வேண்டாம். உலோகங்கள் கட்டாகவே கிடந்து சுழற்சியில் அடியில் போய்விடுகின்றன. பாலிமரின் கிளையை மாற்றினால் பொறுக்கும் விட்டமும் மாறும். பாலிஃப்ளூரீன் 0.8 முதல் 1.2 நானோமீட்டர் வரையுள்ள மெல்லிய குழாய்களை நாடும். டிரான்சிஸ்டருக்கு வேண்டியதோ 1.4 நானோமீட்டருக்கு அருகில் உள்ளது. மெல்லிய குழாயின் ஆற்றல் இடைவெளி பெரிது, அதனால் உலோக மின்முனையோடு சேரும் தொடுப்பில் தடையும் பெரிது. பைபிரிடின் கலந்த பாலிஃப்ளூரீன், பாலிகார்பசோல் போன்றவை மின்வில் முறையில் வளர்த்த தடித்த குழாய்களை எடுக்க வந்தது இதற்காகத்தான். கரைப்பானை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அதே பாலிமரை டெட்ராஹைட்ரோஃப்யூரானிலோ குளோரோஃபார்மிலோ கரைத்தால் பொறுக்கும் குணம் போய்விடும், உலோகமும் சேர்ந்து கரைந்து வரும். கரைசல் அருமையாகக் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் உண்டு.

செய்முறை சுருக்கமாக: மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் பாலிமரைச் சூடான டோலுயீனில் முழுக்கக் கரைத்து ஆறவைத்து, மில்லிலிட்டருக்கு 0.4 மில்லிகிராம் அளவில் குழாய்த் தூளைச் சேர்க்கலாம். முனை சோனிகேட்டரில் அரைமணி, ஒருமணி. நீளமான குழாய் வேண்டுமானால் சோனிகேட்டரை விட்டுவிட்டு நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடும் வெட்டுக் கலக்கியில் இரண்டு மூன்று நாள் விடலாம். சோனிகேட்டர் குழாயை நொறுக்கும். நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் சராசரி நீளம் குறையும், அதாவது நேரத்தை நான்கு மடங்காக்கினால் நீளம் பாதியாகும். அதன் டைட்டானியம் முனையும் தேய்ந்து மண்ணாகக் கரைசலில் சேரும். டோலுயீன் 4 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியைக் கொடுப்பது என்பதால் புகைக்கூண்டுக்கு வெளியே இதைச் செய்யவே கூடாது. அடுத்து, புவியீர்ப்பைப்போல் 50,000 முதல் 60,000 மடங்கில் 45 நிமிடம் சுழற்றி, மேலே உள்ள முக்கால் பங்கை மட்டும் பிப்பெட்டால் மெதுவாக எடுக்க வேண்டும். அடியில் படிவது கல்லாக இறுகுவதில்லை, சேறுபோல் இருக்கும். பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால் உலோகக் கட்டுகள் மேலேறி வந்து அத்தனை உழைப்பையும் வீணாக்கிவிடும். பிறகு 0.1 மைக்ரான் டெஃப்லான் வடிதாளில் வடிகட்டி, 80 டிகிரி டோலுயீனால் பலமுறை கழுவினால் மிச்சப் பாலிமர் போகும். குழாயைச் சுற்றியிருக்கும் கடைசி உறை போகாது. அது போய்விட்டால் குழாய்கள் மறுபடி கட்டாகிவிடும். போகாததால் உலோகத் தொடுப்பில் தடை கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் நாம் எல்லோரும் செய்வது.

இரண்டு தடவை பிரித்தால்

ஒரு தடவை பிரித்ததில் உலோகம் நூறில் ஒரு பங்காகக் குறைந்தால், இன்னொரு தடவை பிரித்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, மூன்றாவது தடவை பத்து லட்சத்தில் ஒன்று. காகிதத்தில் இது சரி. இப்படிப் பெருக்கிப் போட்டு 'ஆறு ஒன்பது' எழுதிய விளக்கப் படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் முதல் தடவை தப்பிய உலோகக் குழாய்கள் குலுக்கல் சீட்டில் தப்பியவை அல்ல. ஏதோ ஒரு காரணத்தால்தான் தப்பின. ஒரு குறைகடத்திக் குழாயோடு இரட்டையாக ஒட்டிக்கொண்டு, வெளியே குறைகடத்தியின் சட்டையைப் போட்டிருக்கும். அல்லது சோனிகேட்டரில் மிகக் குட்டையாக நறுங்கி, அடியில் போகும் எடையில்லாமல் மிதக்கும். அல்லது அதன் விட்டமும் சுருளும் அந்தப் பாலிமருக்குப் பொருந்திவிட்டிருக்கும். இரண்டாவது தடவையும் அதே பாலிமர், அதே கரைப்பான், அதே வேகம் என்றால் அதே காரணத்தால் அவை மறுபடியும் தப்பும். நூறு மடங்கு வரவேண்டிய இடத்தில் மூன்று மடங்கோ ஐந்து மடங்கோதான் வரும். விளைச்சலோ ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே போகும். தொடக்கத்திலேயே கையில் வருவது போட்ட தூளில் சில சதவீதம்தான்.

தடவையைக் கூட்டுவதைவிடத் தப்பும் காரணத்தை மாற்றுவது பலன் தரும். இடையில் மறுபடி சோனிகேட் செய்து இரட்டைகளை உடைத்து, பாலிமரின் விகிதத்தையும் சுழற்சி வேகத்தையும் மாற்றிப் பிரித்தால் இரண்டாவது தடவைக்கு அர்த்தம் வரும். பாலிமரைக் குறைத்தால் சுத்தம் கூடும், விளைச்சல் விழும். அடியில் தங்கிய சேற்றை எறிய வேண்டியதில்லை. புதுப் பாலிமரும் டோலுயீனும் சேர்த்தால் அதிலிருந்து இன்னும் கொஞ்சம் குறைகடத்தி எடுக்கலாம். 2013-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யில் மிங் ஜெங், ஜெஃப்ரி ஃபேகன் குழு கொண்டுவந்த இருநீர்மைப் பிரிப்பு இந்த விஷயத்தில் சாமர்த்தியமானது. பாலிஎத்திலீன் கிளைக்காலும் டெக்ஸ்ட்ரானும் தண்ணீரில் கலந்தால் எண்ணெயும் தண்ணீரும்போல் இரண்டு அடுக்காகும். சோப்புகளின் விகிதத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலே எந்தக் குழாய் எந்த அடுக்குக்குப் போகும் என்பது மாறும். ஒரே பாத்திரத்தில் அடுத்தடுத்து வெவ்வேறு நிபந்தனைகளில் பிரிக்கலாம். டெக்ஸ்ட்ரானைக் கழுவி எடுப்பதுதான் தலைவலி.

நீளமான சேனல் சொல்லும் பொய்

இனிமேல்தான் என்னை உறுத்திய விஷயம். சுத்தத்தை முதலில் பார்ப்பது ஒளி உட்கவர் நிறமாலையில். 1.4 நானோமீட்டர் குழாய்களுக்குக் குறைகடத்தியின் இரண்டாவது பட்டை 900 முதல் 1100 நானோமீட்டர் அருகில், உலோகத்தின் முதல் பட்டை 600 முதல் 750 அருகில். உலோகப் பட்டை படிப்படியாக மறைவதைப் பார்ப்பது திருப்தியான அனுபவம். 33% உலோகத்திலிருந்து 5% வரை கண்ணுக்கே தெரியும். 1%-க்கு வந்ததும் உலோகப் பட்டையின் உயரம் குறைகடத்திப் பட்டையில் நூறில் ஒன்று. அதன் கீழே சரிந்து ஓடும் பின்னணி இருக்கிறது. உருவமற்ற கார்பன், சிதறல், புற ஊதாவில் தொடங்கும் பெரிய பட்டையின் வால் எல்லாம் சேர்ந்த பின்னணி அது. அந்தச் சரிவுக்கு எந்தக் கோட்டை வரைந்து கழிப்பது என்பது கையின் பழக்கம். கோட்டைச் சற்றே மேலே இழுத்தால் 99.5%, இன்னும் கொஞ்சம் இழுத்தால் உலோகமே இல்லை. இரண்டு ஒன்பதுக்குமேல் நிறமாலை பேசுவதில்லை, நாம்தான் பேசுகிறோம். லேசர் ஒளி சிதறுவதை ஆராயும் ராமன் அளவீட்டில் 633 நானோமீட்டர் லேசர் இந்த விட்டத்து உலோகங்களோடு ஒத்ததிர்வதால் கொஞ்சம் கூடுதலாக உணரும். ஆனால் ஒரு லேசர் எல்லாச் சுருளையும் பார்ப்பதில்லை. பார்க்காத உலோகம் இல்லாத உலோகம் ஆகிவிடாது.

அடுத்து டிரான்சிஸ்டர் செய்து பார்ப்பார்கள். குழப்பம் நிஜமாகத் தொடங்குவது இங்கேதான். மையை வேஃபரில் (சில்லு செய்யும் வட்டுத் தகடு) படரவிட்டு வலைபோன்ற மென்படலம் ஆக்கி, 20 அல்லது 50 மைக்ரான் தள்ளி இரண்டு மின்முனை வைத்து (நடுவில் உள்ள இந்தப் பகுதிதான் சேனல்), ஓடும் மின்னோட்டத்துக்கும் அணைந்த மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம் பத்து லட்சம் என்று காட்டுவார்கள். ஆறு பூஜ்யம் பார்த்ததும் ஆறு ஒன்பது நினைவுக்கு வந்துவிடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஏன் என்று கணக்கே சொல்லும். குச்சிகளைத் தரையில் தாறுமாறாக இறைத்தால், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொடர்ந்து போகும் பாதை எப்போது உருவாகும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு: குச்சியின் நீளம் அலகாக இருந்தால் சதுர அலகுக்கு ஏறக்குறைய 5.6 குச்சி. ஒரு மைக்ரான் நீளக் குழாய்கள் சதுர மைக்ரானுக்கு 50 என்று படர்ந்திருக்கட்டும். உலோகங்கள் மட்டுமே தொட்டுத்தொட்டு முனைக்கு முனை போக வேண்டுமானால் அவை மட்டும் சதுர மைக்ரானுக்கு 5.6 இருக்க வேண்டும், அதாவது மொத்தத்தில் 11%. மையில் 1% உலோகம் இருந்தால் சதுர மைக்ரானுக்கு அரைக் குழாய்தான், வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒவ்வோர் உலோகக் குழாயும் குறைகடத்திகளுக்கு நடுவே தனித்தீவாக நிற்கும். கேட் அந்தக் குறைகடத்திகளை அணைத்ததும் பாதை அறுந்துவிடும். ஆக 20 மைக்ரான் சேனலில் 99% மையும் 99.99% மையும் ஏறக்குறைய ஒரே மாதிரி அணையும். அதே மையை அரை மைக்ரான் சேனலில் வைத்துப் பாருங்கள். ஒரு மைக்ரான் குழாய் இரண்டு முனையையும் தானே தொட்டுவிடுகிறது. பாதைக்கு யாருடைய உதவியும் வேண்டாம். ஒரே ஓர் உலோகக் குழாய் போதும், டிரான்சிஸ்டர் அணையாது. பத்து லட்சம் என்றிருந்த விகிதம் சட்டென்று இரண்டு இலக்கத்துக்கு இறங்கும். மை அதேதான், பாட்டிலும் அதேதான்.

மென்திரைக்கோ உணரிக்கோ நீளமான சேனல்தான் வேண்டுமென்றால் அந்தச் சோதனை நேர்மையானது, 99% மையே போதும், மேலதிக ஒன்பதுக்குச் செலவழிப்பது வீண். தர்க்கச் சில்லுக்கு என்று சொல்லி, நீளமான சேனலில் சோதித்து, ஒன்பதுகளை எழுதுவதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

மூன்றை வகுத்தல்

சரியான சோதனை சலிப்பூட்டக்கூடியது. குழாயின் நீளத்தைவிடக் குறுகிய சேனல், 200 முதல் 500 நானோமீட்டர். இணையாக அடுக்கிய 10–20 குழாய்கள். இப்படி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் டிரான்சிஸ்டர். 20 குழாயில் ஒன்று உலோகமானால் ஓட்டத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு அணையாமல் நிற்கும், விகிதம் 20 அருகில் வரும். எல்லாம் குறைகடத்தியானால் பத்தாயிரத்தைத் தாண்டும். நடுவில் ஆள் இல்லாத பெரிய இடைவெளி இருப்பதால் பிரித்தறிவது எளிது.

எத்தனை குழாய் பார்க்க வேண்டும்? புள்ளியியலில் ஒரு எளிய விதி உண்டு. ஒன்றுகூடத் தவறாமல் இத்தனை பார்த்தோம் என்றால், 95% நம்பிக்கையோடு சொல்லக்கூடிய அதிகபட்சத் தவறு விகிதம், மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. 1000 குழாய் பார்த்து ஓர் உலோகம்கூடக் கிடைக்கவில்லையா? 99.7% என்று எழுதலாம், 99.9% என்றுகூட எழுத முடியாது. 99.99%-க்கு 30,000 குழாய், அதாவது 20 குழாய் டிரான்சிஸ்டர் 1500. ஆறு ஒன்பதுக்கு 30 லட்சம் குழாய், 1,50,000 டிரான்சிஸ்டர். மின்முனைகளை ஊசியால் தொட்டு அளக்கும் தானியங்கி ஊசிமேடை இல்லாமல் இது நடக்காது. சுத்தம் என்பது பிரித்தவரின் திறமையைவிட எண்ணியவரின் பொறுமை வரம்பு கட்டும் எண் என்று நான் சொல்வது இதனால்தான்.

எண்ணும்போதும் வழுக்கும் இடங்கள் உண்டு. மின்னணு நுண்ணோக்கியில் இரட்டைக் குழாய் ஒன்றாகத் தெரியும். தொடுப்புக்கு அடியில் பாலிமர் தடித்துக் கிடந்தால் உலோகக் குழாயே ஓட்டம் தராமல் ஒளிந்துகொள்ளும், சுத்தம் கூடியதுபோல் தோன்றும். எதிர்த் திசையிலும் ஏமாறலாம். 1.5 நானோமீட்டர் குழாயின் இடைவெளி ஏறக்குறைய அரை எலக்ட்ரான்வோல்ட்தான். முனைகளுக்கிடையே ஒரு வோல்ட் கொடுத்தால் அணைந்த நிலையிலும் மறுமுனையிலிருந்து மின்னூட்டம் ஊடுருவி ஒழுகும், நல்ல குறைகடத்தியை உலோகமென்று எண்ணிவிடுவோம். அளவீட்டை 0.05 அல்லது 0.1 வோல்ட்டில் வைத்தால் இந்தக் குழப்பம் வராது. காற்றின் ஈரமும் ஆக்ஸிஜனும் குழாயை எப்போதும் ஓடும் நிலைக்குத் தள்ளுவதால், கேட் மின்னழுத்தத்தைப் போதுமான தூரம் நகர்த்தாமல் 'அணையவில்லை' என்று முடிவு கட்டக் கூடாது. வெற்றிடத்தில் சுடவைத்து இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.

வேஃபரில் ஏற்றியபின் மிச்ச உலோகத்தை எரித்துவிடலாமே என்பார்கள். 2001-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஃபிலிப் காலின்ஸ், மைக்கேல் அர்னால்ட், ஃபேடன் அவுரிஸ் மூவரும் அதைச் செய்து காட்டினார்கள். கேட்டால் குறைகடத்திகளை அணைத்துவைத்து, முனைகளுக்கிடையே அதிக மின்னோட்டம் செலுத்தினால் ஓடும் உலோகக் குழாய் மட்டும் சூடாகிக் காற்றில் எரிந்து அறுந்துவிடும். 2013-இல் ஸ்டான்ஃபோர்டில் மேக்ஸ் ஷுலாக்கர் குழு 178 டிரான்சிஸ்டர்களில் கட்டிய முதல் நானோகுழாய்க் கணினியும் இந்த வழியில் நின்றதே. குழாய்கள் 5 நானோமீட்டர் இடைவெளியில் அடர்ந்திருக்கும் நிலையில், எரியும் குழாய் பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கொளுத்தாமல் இருக்குமா என்பது வேறு கவலை.

பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் எம்.ஐ.டி.யில் ஷுலாக்கர் குழு 14,000-க்கும் மேற்பட்ட நானோகுழாய் டிரான்சிஸ்டர்களால் 16 பிட் செயலி செய்தபோது சுத்தத்தைத் துரத்தவில்லை. உலோகக் குழாய் எந்தத் தர்க்க வாயிலில் விழுந்தாலும் ஒரே கேடு செய்வதில்லை, சில ஜோடி வாயில்கள் அடுத்தடுத்து வந்தால்தான் சிக்னல் கெடுகிறது என்று கண்டு, அந்த ஜோடிகள் வராதபடி சுற்றை வரைந்தார்கள். எட்டு ஒன்பது தேவைப்பட்ட இடத்தில் நான்கு போதுமானது. ஒழுகும் மின்சாரம் ஒழுகத்தான் செய்யும், ஆனால் செயலி சரியாகக் கணக்குப் போடும். அடுத்த ஆண்டு பீக்கிங் பல்கலைக்கழகத்தில் லியான்-மாவ் பெங் குழு எதிர்த் திசையில் போனது. பாலிமரால் பலமுறை பிரித்து ஆறு ஒன்பதைத் தாண்டிய சுத்தம், மைக்ரானுக்கு 100 முதல் 200 குழாய் என்ற அடர்த்தியில் இணையாக அடுக்கிய வேஃபர். எனக்கு இரண்டாவதன் வேதியியல்மேல் வியப்பு, முதலாவதன் நிதானத்தின்மேல் மரியாதை. எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்பதுகளுக்குள் சுற்றை வடிவமைத்தது அதுதான்.

லேபிளுக்குத் திரும்புவோம். அந்த எண் பாட்டில் மூடப்பட்ட நாளுக்குரியது. சில மாதங்கள் நின்ற மையில் குழாய்கள் மெல்ல மெல்ல மறுபடி கட்டாகும், பாலிமரைக் கழுவிக் குறைத்த மையானால் இன்னும் சீக்கிரம். மையில் இருந்த ஒரே உலோகக் குழாய் இப்போது நான்கைந்து குறைகடத்திகளைத் தோளில் போட்டுக்கொண்டு வேஃபருக்கு வரும், அந்தக் கட்டு முழுவதும் அணையாது. பயன்படுத்தும் முன் பத்து நிமிடம் தொட்டி சோனிகேட்டரில் வைத்து, மறுபடி ஒரு சுழற்று சுழற்றி, மேல் பாதியை மட்டும் எடுங்கள். உட்கவர் நிறமாலையைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பட்டைகள் அகன்று சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தால் கட்டு உடையவில்லை என்று பொருள். அடியில் என்ன படிந்தது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், சில சமயம் ஒரு சாம்பல் நிற வளையம் தெரியும்.